பொருள்: விமானப் பாடத்துக்கு ஒரு சொல் – கட்டையா, நிலையா?

கும்பகோணத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான வான்போக்குவரத்துப் பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் முடித்துத் தரவேண்டும். இரு விமான நிலையங்களுக்கு இடையே புவிக்கோளத்தின் மேல் அளக்கும் மிகக் குறுகிய தொலைவைப் 'பெருவட்டத் தொலைவு' என்று எழுதிவிட்டேன். இடறுவது 'பிளாக் டைம்'. புறப்படுவதற்காக விமானம் நின்ற இடத்தைவிட்டு அசையும் நொடி முதல், சேருமிடத்தில் முழுவதுமாக நிற்கும் நொடி வரையுள்ள நேரம் அது. பறக்கும் நேரத்தைவிடச் சற்றே கூடுதல். 'பயண நேரம்' என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். ஒரு மாணவி கால அட்டவணையில் உள்ள இரு நேரங்களையும் அப்படியே கழித்து, திருச்சியிலிருந்து சிங்கப்பூர் செல்ல ஆறரை மணி நேரம், திரும்பி வர ஒன்றரை மணி நேரம் என்று விடை எழுதினாள். இரு வழிக்கும் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான்; சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி ஓடுவதை அவள் மறந்துவிட்டாள்.

திருவாரூரிலிருந்து:

ஐயா, 'பிளாக்' என்பது சக்கரத்தடியில் செருகும் கட்டைதான். ஆழித்தேரைத் திருப்பவும் நிறுத்தவும் முட்டுக்கட்டை போடுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதில் ஐயமே இல்லை. 'முட்டுக்கட்டை நேரம்' என்றே வைக்கலாம். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் 'வலவன் ஏவா வானவூர்தி' என்று புறநானூற்றில் பாடியிருக்க, வலவன் ஏவும் ஊர்திக்குக் கடன்சொல் எதற்கு?

தஞ்சாவூரிலிருந்து:

சாத்தனார் பாடியது புகழுடையோர் விண்ணுலகு செல்லும் ஊர்தியை; அதற்குக் கால அட்டவணை கிடையாது. 'முட்டுக்கட்டை நேரம்' என்றால் விமானம் தாமதமானதாகவே மாணவர் கொள்வர். 'பெருவட்டம்' என்பதிலும் எனக்கு உறுத்தல் உண்டு. பாபநாசம் வட்டம், திருவிடைமருதூர் வட்டம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏதோ பெரிய தாலுகா போல ஒலிக்கிறது. அந்தத் தொலைவை வைத்து நேரத்தைக் கணக்கிடவும் முடியாது: சிங்கப்பூர்–நியூயார்க் தொலைவு 15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அந்தக் குறுங்கோடு வடதுருவத்தை ஒட்டிச் செல்ல, விமானமோ காற்றின் போக்கைப் பார்த்துப் பசிபிக் வழியாகவும் போகிறது.

மயிலாடுதுறையிலிருந்து:

தேரிலேயே விடை இருக்கிறது. தேர் நிலையிலிருந்து புறப்பட்டு வீதி சுற்றி மீண்டும் நிலைக்கு வருகிறது. கட்டை அந்த நிலையில் நிறுத்த உதவும் கருவி மட்டுமே. விமானம் நிற்குமிடமும் நிலைதானே. 'நிலைக்கு நிலை நேரம்' என்று எழுதுங்கள்.

திருவாரூரிலிருந்து:

தேர் புறப்பட்ட நிலைக்கே திரும்பும். சிங்கப்பூர் போன விமானம் அங்கேயே நிற்கும். உவமை முறிகிறது. மேலும் 'நிலை' என்றால் இயற்பியல் வகுப்பில் திண்மம், நீர்மம் என்று தொடங்கிவிடுவார்கள்.

கும்பகோணத்திலிருந்து:

நேற்றைய வகுப்பில் 'நிலைக்கு நிலை நேரம்' என்று எழுதி வேறு விளக்கம் தராமல் கேட்டேன், பின்வரிசைப் பையன் ஒருவன், "ஸ்டாண்டுலேருந்து ஸ்டாண்டு வரைக்குமா சார்?" என்றான். அதையே அனுப்புகிறேன். 'பெருவட்டத் தொலைவு' அப்படியே இருக்கட்டும், மாற்ற நேரமில்லை.

திருவாரூரிலிருந்து:

அனுப்புங்கள். என் குறிப்பேட்டில் அது 'கட்டை நேரம்' என்றே இருக்கும்.