மாத்திரையை மட்டும் துப்பும் மகானுபாவர்கள்: உருண்டையா, நேரா தொண்டையா?

சிப்பிப்பாறை:
நாய்க்கு உண்ணிக் காய்ச்சல்னா டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக் மாத்திரை, வழக்கமா 28 நாள். முதல் ரெண்டு நாள் இட்லிக்குள்ள வச்சா போயிடும். மூணாம் நாள்லேர்ந்து இட்லி வயித்துல, மாத்திரை தரையில. எந்த வழி 28 நாளும் தாங்கும்?

நேர்வழி நடேசன்:
சாப்பாட்டுல ஒளிக்கிறதே வீண் வேலை சார். இடது கையால மேல்தாடையை மேலேர்ந்து பிடிங்க, கட்டைவிரல் ஒருபக்கம், மத்த விரல் மறுபக்கம், கோரைப்பல்லுக்குப் பின்னாடி. மூக்கு கூரையைப் பார்த்தா கீழ்த்தாடை தானா தளரும். மாத்திரையை நாக்கு மேல, தொண்டைப் பக்கக் கோடியில, நட்டநடுவுல போடணும். ஓரமா விழுந்தா கன்னத்துல ஒதுக்கிக்கும். வாயை மூடி தொண்டையைத் தடவுங்க. மூக்கை நக்கினா முழுங்கியாச்சு.

ஈரல் கட்சி:
மூக்கை நக்கினதை நம்பி ஏமாந்த வீடுகள்லதான் சோஃபா இடுக்குல மாத்திரை கிடைக்குது நடேசன் சார். நக்கும், வாலாட்டும், "குட் பாய்" பட்டத்தையும் வாங்கிக்கும், அப்புறம் பால்கனியில போய் துப்பும். அதோட டாக்ஸிசைக்ளினை வறட்டுனு போட்டா உணவுக்குழாயில ஒட்டிப் புண்ணாக்கிடும். தினமும் வாயைப் பிளந்தா, அட்டை சலசலன்னதுமே கட்டிலுக்கடியில ஆள் ஆஜர்.

நேர்வழி நடேசன்:
வறட்டுனு யார் போடச் சொன்னா? ஊசி கழட்டின சிரிஞ்சுல 5 மி.லி. தண்ணி, கன்னத்தோரமா, மெதுவா. தொண்டைக்கு நேரா பீச்சினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். உங்க கட்சிக்காரங்க தயிர்சாதத்துல வைக்கிறாங்களே, அதைக் கேளுங்க முதல்ல.

ஈரல் கட்சி:
அது தப்புதான். தயிர், பால், சீஸ்ல இருக்குற கால்சியம் டாக்ஸிசைக்ளினையும், என்ரோஃப்ளாக்ஸசின்ங்கிற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கையும் பிடிச்சு வச்சுக்கும், மருந்து முழுசா உடம்புல சேராது. அதான் ஈரல்ங்கிறேன், வெங்காயம், பூண்டு, மசாலா படாம வேகவச்சது. கோலிக்குண்டு அளவுல மூணு உருண்டை. முதலாவது வெறும் உருண்டை. ரெண்டாவதுல மாத்திரை. அது வாய்க்குள்ள போறப்பவே மூணாவது மூக்குக்கு முன்னாடி நிக்கணும். அடுத்ததைப் பிடிக்கிற அவசரத்துல மெல்லாம முழுங்கிடும். பசி நேரத்துல, சாப்பாட்டுக்கு முன்னாடி.

சொதப்புறது எங்கேன்னா, உருண்டை பெருசானா மென்னுடும், குட்டு உடைஞ்சிடும். மாத்திரை தொட்ட கையாலேயே உருட்டினா வெளியிலயும் வாடை ஒட்டும். மாத்திரையை ஒரு கையாலயும் உருண்டையை இன்னொரு கையாலயும் தொடுங்க. பாதியா உடைச்சா மேல்பூச்சு போய் கசப்பு வெளியே வந்துடும். மெட்ரோனிடசோல்ங்கிற ரொம்பக் கசப்பான மாத்திரையை உடைச்சுக் கொடுத்தா வாயெல்லாம் நுரை. பொடி பண்ணி ஒரு கிண்ணம் சோத்துல கலக்கிடாதீங்க, பாதி சாப்பிட்டுப் போயிட்டா எவ்வளவு மருந்து உள்ளே போச்சுன்னே தெரியாது.

பவழமல்லி:
ரெண்டு பேரும் கையைப் பத்தியே பேசுறீங்க, நாய் போடுற கணக்கைப் பாருங்க. இட்லியில வச்சது துப்பினா முட்டை வருது. முட்டையையும் துப்பினா கோழி. கோழிக்கும் முகத்தைத் திருப்பினா ஈரல். ஒவ்வொரு துப்பலுக்கும் மெனு ஒரு படி ஏறுது. இங்கே பழக்கப்படுத்துறது யாரு, பழகுறது யாரு? ராத்திரி கதவைச் சுரண்டி, ஒண்ணுக்குப் போற மாதிரி வாசல் வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்ததும் பிஸ்கட் வாங்குறதும் இதே பாடம்தான்.

துப்பின அந்த நிமிஷம் தீனியை மாத்தாதீங்க. ஒண்ணும் பேசாம எடுத்து வச்சுட்டு, 15 நிமிஷம் கழிச்சு அதே உருண்டையைப் புதுசா பிடிச்சுக் கொடுங்க. மருந்து இல்லாத வேளையிலயும் வெறும் உருண்டை கொடுத்துட்டே இருந்தா உருண்டைன்னாலே சந்தேகம் வராது.

நேர்வழி நடேசன்:
இது நியாயம். ஆனா வெறும் வயித்துல கொடுக்கணும்னு டாக்டர் எழுதின மாத்திரைக்கு ஈரலும் கிடையாது, முட்டையும் கிடையாது. அங்கே என் வழிதான்.

ஈரல் கட்சி:
அங்கே மட்டும்.

சிப்பிப்பாறை:
மாட்டிறைச்சி வாசனையில கடிச்சுத் தின்கிற மாத்திரை வருதே, அதுல இந்தத் தொல்லை இல்லையே?

பவழமல்லி:
அதுல தொல்லை தலைகீழ் தம்பி. மேஜை டிராயரைத் திறந்து முழு அட்டையையும் காலி பண்ணிடும். வலி மாத்திரை அப்படி மொத்தமா போனா வயித்துல புண், சிறுநீரகம் வரைக்கும் பாதிப்பு. காலி அட்டையைப் பார்த்த உடனே, வாந்தி வருதான்னு காத்திருக்காம, அட்டையையும் கையில எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க. பூட்டுற அலமாரியில, மேல் தட்டுல வைங்க. நாற்காலியை அலமாரிப் பக்கத்துல போடாதீங்க.