சனிக்கிழமை படையலும் சின்னவனின் கட்டுரையும்

வாத்தியார் அண்ணன்: அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை அப்பாவின் திதி. பிள்ளைகள் ஒன்பது பேரும் பட்டர்வொர்த் வீட்டில் கூடுவதால், படையல் முடிந்ததும் செயற்கை நுண்ணறிவு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் அவர்களை என்னிடம் விடுங்கள். சின்னவனின் 'என் தாத்தா' கட்டுரையைப் படித்தபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பெரியக்கா: என்ன கட்டுரை? என்னிடம் யாரும் சொல்லவில்லையே.

கடைக்குட்டி: என் கைப்பேசியில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு எழுதிவிட்டான், அக்கா. அப்பா தினமும் பூங்காவில் உலாவி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நீதிக்கதை சொல்வாராம். ஆசிரியர் 'மிக நன்று' போட்டிருக்கிறார்.

பெரியக்கா: விடியுமுன் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவருக்கு எந்தப் பூங்கா? முதலில் கைப்பேசியைப் பிடுங்கு.

கடைக்குட்டி: நான் வேலை முடிந்து வீடு திரும்பவே இரவு எட்டாகிறது, அக்கா.

வாத்தியார் அண்ணன்: பிடுங்கினால் நண்பனுடைய கைப்பேசியில் கேட்பான். அந்தச் சேவைக்கு 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று அதன் நிறுவனமே விதித்திருக்கிறது, நம்மவனுக்குப் பத்துதான். ஆனால் அவன் அறிய வேண்டியது வேறு. நம் அப்பா யாரென்று அந்தக் கருவிக்குத் தெரியாது; படித்துப் பழகிய கோடிக்கணக்கான வரிகளில் தாத்தாக்களைப் பற்றி எவ்வகைச் சொற்கள் தொடர்ந்து வருகின்றனவோ அவற்றைக் கோத்துக் கொடுத்துவிட்டது. இதைத் தொடக்கப் பள்ளி ஆண்டு 1 பிள்ளைக்கும் இடைநிலைப் பள்ளிப் படிவம் 4 பிள்ளைக்கும் ஒரே விதமாகச் சொல்ல முடியாது. சிறியவர்களுக்குத் திரையே வேண்டாம். ஒரு பிள்ளையை இயந்திரமாக நடிக்கவைத்து, சிவப்பு ரம்புத்தான் படங்களை மட்டும் காட்டிப் பழக்கிவிட்டு, பிறகு மஞ்சள் ரம்புத்தானையும் அதைப் போலவே இருக்கும் புலாசான் பழத்தையும் நீட்டினால், அது எங்கே தடுமாறுகிறது என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். ஆண்டு 4 முதல் 6 வரை உள்ளவர்கள் அதையே, படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்க உதவும் கூகுளின் டீச்சபள் மெஷினில், மடிக்கணினிக் கேமராவைக் கொண்டு செய்யலாம்.

சின்னண்ணன்: பிள்ளைகளின் முகத்தை அதில் காட்ட வேண்டாம்.

வாத்தியார் அண்ணன்: பழத்தை மட்டும்தான் காட்டுவோம்.

பெரியவன்: பெரியப்பா, படிவம் 4 மாணவனுக்கும் ரம்புத்தான்தானா?

வாத்தியார் அண்ணன்: உனக்கு 2018இல் ஜாய் புவொலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வு காத்திருக்கிறது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களை அவர்கள் சோதித்தபோது, வெளிர் நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடமோ 34.7 விழுக்காடு வரை போனது. அக்காலத்து முகப்படத் தொகுப்புகளில் வெளிர் நிறத்தவரே மிகுந்திருந்தார்கள் என்பதையும் காட்டினார்கள். மஞ்சள் ரம்புத்தானுக்கு நேர்ந்தது மனிதருக்கு நேர்ந்தால் என்ன ஆகும் என்று நீ யோசிக்க வேண்டும்.

பெரியக்கா: நம் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அந்த 34.7இல்தான் இருப்போம்.

வாத்தியார் அண்ணன்: யுனெஸ்கோவும் 2024இல் மாணவர்களுக்கெனச் செயற்கை நுண்ணறிவு பற்றிய 12 திறன்களை வகுத்து, புரிதல், பயன்படுத்தல், உருவாக்கல் என்று மூன்று படிகளாக வைத்திருக்கிறது. நம் பிள்ளைகள் முதற்படியைத் தாண்டாமலே இரண்டாவதில் நிற்கிறார்கள்.

சின்னண்ணன்: ஒன்பது பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு திறன்கள் என்றால் பாயசம் ஆறிவிடும், அண்ணா.

பெரியக்கா: ஆறாம் வகுப்பில் உன் கட்டுரைகளை எல்லாம் எழுதிக் கொடுத்தது யார் என்பதையும் அந்தப் பாடத்தில் சேர்த்துக்கொள், வாத்தியாரே.

வாத்தியார் அண்ணன்: நீங்கள் எழுதியதில் அப்பா தோட்டத்தில்தான் இருந்தார், அக்கா.

கடைக்குட்டி: சின்னவன் கட்டுரையை மறுபடியும் எழுதப் போகிறானாம். தாத்தா மரம் சீவிய கத்தியைப் பார்க்க வேண்டும் என்கிறான். அது யாரிடம் இருக்கிறது?

சின்னண்ணன்: பெரியக்கா வீட்டில்.

பெரியக்கா: என் வீட்டில் இல்லை. வீட்டைக் காலி செய்த அன்று எடுத்துப் போனவருக்கு அது நன்றாகவே தெரியும்.

வாத்தியார் அண்ணன்: மடிக்கணினியை யார் கொண்டுவருகிறீர்கள் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.