மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா - எங்க ஆரம்பிக்கிறது? தப்பான ஆல்பத்துல கால வெச்சுட்டேன் போல

அரை_ஆவர்த்தனம்:
வணக்கம் மக்களே. சின்ன வயசுல நாலு வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டு பாதியில விட்டவன் நான், இப்ப பேஸ் கிட்டார் வாசிக்கிறேன்னு சொல்லிக்கிட்டு திரியிறேன். ஃப்ரெண்டு ஒருத்தன், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா கேளுடா, தாளக் கணக்கு தெரிஞ்சவனுக்கு விருந்துன்னு ஏத்திவிட்டான். பேரைப் பாத்ததும் ஏதோ பஜனை கோஷ்டின்னு நெனச்சேன், சிரிக்காதீங்க.

ஸ்ட்ரீமிங்ல தேடினா வரிசையா ஆல்பம் கெடக்கு. கைக்கு வந்தது 'இன்னர் வேர்ல்ட்ஸ்', 1976. போட்டா ஒருத்தர் பாட்டு பாடுறாரு, வயலின் வயலின்னு அவன் உருகினானே அந்த வயலினையே காணோம். சரி பேண்ட் பேரையே வெச்சிருக்கே, அதுல தப்பு வராதுன்னு 1984 'மகாவிஷ்ணு'வப் போட்டேன், அதுல சிந்தசைசரும் சாக்சபோனும். ரெண்டும் ஒரே பேண்டான்னே சந்தேகமா இருக்கு. அவன் சொன்ன விருந்து எந்த எலையில இருக்கு?

ஊசிமுனை:
ஹாஹா, பந்தி முடிஞ்சு எலை எடுக்குற நேரத்துல போயிருக்கீங்க நண்பா. உங்க சந்தேகம் சரிதான், அது ஒரே பேண்டே இல்ல. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராங்கிற பேர்ல மூணு தனித்தனி ஜாஸ்-ராக் பேண்ட் இருந்துச்சு, மூணுலயும் பொதுவான ஆள் கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்லின் தான். 1969-ல இங்கிலாந்துல இருந்து நியூயார்க் வந்த சூட்டோட ஜாஸ் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸோட 'இன் எ சைலண்ட் வே' ஆல்பத்துல வாசிச்ச அதே மனுஷன். மகாவிஷ்ணுங்கிறது அவரோட குரு ஸ்ரீ சின்மோய் அவருக்கு வெச்ச பேரு, அதனால நீங்க பஜனைன்னு நெனச்சது ஒண்ணும் அவ்வளவு தப்பில்ல.

உங்க ஃப்ரெண்டு உருகுறது முதல் செட்டுக்கு. மெக்லாஃப்லின், டிரம்ஸ்ல பனாமாவுல பொறந்த பில்லி கோபம் (வாசிப்பும் பேருக்கு ஏத்த மாதிரிதான்), வயலின் ஜெர்ரி குட்மேன், கீபோர்டு செக்கோஸ்லோவாக்கியாவுல இருந்து வந்த யான் ஹாமர், பேஸ் அயர்லாந்துக்காரர் ரிக் லெயர்ட். இந்த அஞ்சு பேரும் சேந்து இருந்தது 1971-ல இருந்து 1973 கடைசி வரைக்கும், ரெண்டரை வருஷம் கூட இருக்காது. அவங்க இருந்த காலத்துல வெளிவந்தது மூணே மூணு: 'தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்' 1971, 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' 1973, அதே வருஷக் கடைசியில 'பிட்வீன் நத்திங்னெஸ் அண்ட் எடர்னிட்டி'ன்னு ஒரு லைவ். மூணையும் கேக்க ரெண்டேகால் மணி நேரம் போதும். மொதல்ல 'இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்' போடுங்க, அதுவும் ஆரம்பத்துல இருந்து வரிசையா. ஷஃபிள்ல போட்டீங்கன்னா அடுத்த பதில் என்கிட்ட இருந்து வராது.

என் சொந்தக் கதை ஒண்ணு. 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' பழைய எல்பி ஆன்லைன்ல ஒருத்தர் கிட்ட வாங்கினேன், அட்டை அதுதான், உள்ள இருந்த தட்டு கிறிஸ்துமஸ் பாட்டு. அட்டையை ஃப்ரேம் போட்டு மாட்டிட்டு டிஜிட்டல்ல கேட்டுக்கிட்டு இருக்கேன்.

தீர்மானம்:
மிருதங்கம்னு சொன்னதால கணக்குப் பக்கம் மட்டும் நான் சொல்றேன் தம்பி. 'தி டான்ஸ் ஆஃப் மாயா' எடுத்துக்கோ, முதல் ஆல்பத்துல இருக்கு. கிட்டார் ஆரம்பிக்கிறது ஒரு சுத்துக்கு 10 எண்ணிக்கை. கொஞ்ச நேரம் கழிச்சு அது மறைஞ்சு ப்ளூஸ் மாதிரி ஒரு நடை வரும், தலையாட்டிக்கிட்டே கேப்ப, சாதா ப்ளூஸ் தானேன்னு தோணும், எண்ணிப் பாத்தா ஒரு சுத்துக்கு 20. கடைசியில பழைய 10-ஐ கொண்டாந்து இந்த 20 மேலயே ஒக்கார வெப்பாங்க, அது ரெண்டு சுத்து ஓடினா இது ஒரு சுத்து, ரெண்டும் ஒண்ணா வந்து சமத்துல விழும். முதல் தடவை கேட்டப்ப எனக்கு கை தானா தொடையில தாளம் போட ஆரம்பிச்சிருச்சு, வீட்ல என்னன்னு கேட்டாங்க.

'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' டைட்டில் பாட்டு 18. அதே ஆல்பத்துல 'ஒன் வேர்ட்'னு பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்கு, ஸ்நேர் டிரம் உருட்டலோட ஆரம்பிக்கும், உன் ஆளு லெயர்டுக்கு அதுல தனியா வாசிக்க எடம் உண்டு. அப்புறம் கிட்டார், வயலின், கீபோர்டு மூணும் மாத்தி மாத்தி வாசிக்கும், போகப் போக முறை சின்னதாயிட்டே வரும். நம்ம தனி ஆவர்த்தனத்துல குறைப்பு கேட்டவனுக்கு அந்த எடம் சொந்த ஊர் மாதிரி. அதுக்கப்புறம் கோபம் தனியா ஒரு ஆட்டம், முடிவு 13-ல.

இதெல்லாம் சும்மா தற்செயல்னு நெனைக்காத. அந்தக் காலகட்டத்துல மெக்லாஃப்லின் அமெரிக்காவுல வெஸ்லியன் யுனிவர்சிட்டில டாக்டர் எஸ். ராமநாதன் கிட்ட வீணை கத்துக்கிட்டவர். அதுக்காக கர்நாடக சங்கீதத்தை காப்பியடிச்சாருன்னு கெளம்பிடாதீங்க, இங்க சில பேருக்கு அந்த வியாதி உண்டு. சத்தத்துல அது ராக், முழுக்க முழுக்க.

மூணாவது_ட்ராக்:
ஊசிமுனை ப்ரோ ஒண்ணை முழுங்கிட்டாரு. 1973 ஜூன்ல லண்டன் ட்ரைடென்ட் ஸ்டுடியோவுல இந்த அஞ்சு பேரும் இன்னொரு ஆல்பம் ரெக்கார்டு பண்ணாங்க, அது அப்ப வெளிய வரல. முதல் ரெண்டு ஆல்பத்துலயும் எல்லா பாட்டுக்கும் மெக்லாஃப்லின் பேர் தான், மத்தவங்களுக்கு அதுல மனத்தாங்கல், எங்க பாட்டும் வரணும்னு கேட்டாங்க. ட்ரைடென்ட்ல ஹாமர் பாட்டு ஒண்ணு, குட்மேன் ஒண்ணு, லெயர்ட் ஒண்ணு இருக்கு. ஆனா அதுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் முகம் குடுத்துப் பேசுறதே கொறஞ்சு போச்சு, ஆல்பத்தை தூக்கி ஓரமா வெச்சுட்டு, அதுல இருந்த மூணு பாட்டை ஆகஸ்ட்ல நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல வாசிச்சதை லைவ் ஆல்பமா விட்டாங்க, வருஷக் கடைசியில பேண்டே கலைஞ்சுது. ஸ்டுடியோ டேப் 1999-ல தான் 'தி லாஸ்ட் ட்ரைடென்ட் செஷன்ஸ்'னு வந்துச்சு.

ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. 'ட்ரீம்'ங்கிற பாட்டு லைவ்ல இருபது நிமிஷத்துக்கு மேல இழுக்கும், ஸ்டுடியோவுல அதுல பாதி தான். எனக்கு ஸ்டுடியோ தான். சுருக்கமா இருக்கு, ஒவ்வொருத்தர் வாசிக்கிறதும் தெளிவா கேக்குது. சண்டை போட்டுக்கிட்டு இருந்தவங்க வாசிச்ச மாதிரியே தெரியல.

ஊசிமுனை:
முழுங்கல, ரெண்டாவது வாரத்துக்குன்னு வெச்சிருந்தேன் :) எனக்கு லைவ் தான். 'ட்ரீம்' நடுவுல கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் நேருக்கு நேர் மோதுற எடம் இருக்கே, அந்த சூடு ஸ்டுடியோல வராது. நீளம்னு சொல்றீங்க, ஒத்துக்குறேன், ஆனா கச்சேரின்னா கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

ரெண்டாவது செட்டை யாரும் சொல்லலையே. 1974 'அபோகலிப்ஸ்', லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோட, ப்ரொட்யூசர் பீட்டில்ஸோட ஜார்ஜ் மார்ட்டின். வயலின் ஜான் லூக் பான்ட்டி, டிரம்ஸ் நாரத மைக்கேல் வால்டன் (இவருக்கும் பேர் அதே குரு தான்). பெரிய எடுப்பு, ஆனா பாதி நேரம் பேண்டும் ஆர்கெஸ்ட்ராவும் நீங்க முன்னால போங்க, இல்ல நீங்க போங்கன்னு நிக்கிற மாதிரி எனக்குப் படும். 1975 'விஷன்ஸ் ஆஃப் தி எமரால்ட் பியாண்ட்' அதைவிட எவ்வளவோ மேல், ஃபங்க் வாசம் வரும். ரால்ஃப் ஆர்ம்ஸ்ட்ராங் பேஸை அங்க கேளுங்க. அப்புறம் பான்ட்டி போயிட்டாரு, வயலின் இல்லாம நாலு பேரா பண்ணதுதான் நீங்க மாட்டிக்கிட்ட 'இன்னர் வேர்ல்ட்ஸ்'. வயலின் ஏன் இல்லன்னு இப்ப புரியுதா.

பழைய_கேசட்:
'இன்னர் வேர்ல்ட்ஸ்'ஸை ஒரேடியா மட்டம் தட்டாதீங்க. அதுல 'ப்ளானட்டரி சிட்டிசன்'ல "ஏ ஏ ஏ"ன்னு ஒரு குரல் வருமே, மாசிவ் அட்டாக்னு ஒரு இங்கிலாந்து பேண்ட், அவங்க 'அன்ஃபினிஷ்டு சிம்பத்தி' பாட்டுல அதைத்தான் எடுத்து போட்டிருக்காங்க. அந்தப் பாட்டு இருக்கிற அதே 1991 ஆல்பத்துல 'ஒன் லவ்'ல முழுசா சுத்திக்கிட்டே இருக்கிறது மகாவிஷ்ணு முதல் ஆல்பத்து 'யூ நோ, யூ நோ'. நான் இந்தப் பக்கமா தான் உள்ள வந்தேன், ஜாஸ்னு சொல்லியிருந்தா அன்னிக்கு ஓடியிருப்பேன்.

1984, 1987-ல வந்த ஆல்பம் ரெண்டும் மூணாவது செட்டு, அவசரமே இல்ல. ரெண்டாவது செட்டு கலைஞ்ச கையோட மெக்லாஃப்லின் எலக்ட்ரிக் கிட்டாரையே தூக்கிப் போட்டுட்டு வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் ஹுசைன், கடம் விக்கு விநாயக்ராமோட ஒக்காந்தாரே, சக்திங்கிற பேண்ட், அதுக்கு தனி த்ரெட் போடணும்.

அரை_ஆவர்த்தனம்:
எல்லாருக்கும் நன்றி. முந்தாநேத்து ராத்திரி 'இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்' வரிசையா கேட்டேன் (ஷஃபிள் இல்ல சார்). மொத ரெண்டு நிமிஷம் வேகத்துக்கு பயந்து வால்யூமைக் கொறச்சேன், அப்புறம் ஏத்திட்டேன். 'யூ நோ, யூ நோ' தான் மனசுல ஒட்டிக்கிச்சு. அதே ரிஃப், திரும்பத் திரும்ப வர்ற சின்ன மெட்டு, அப்படியே நடந்துக்கிட்டு இருக்கு, கோபம் மட்டும் நடுநடுவுல பொரிஞ்சு பொரிஞ்சு அடங்குறாரு.

ஆனா தீர்மானம் அண்ணே, 'டான்ஸ் ஆஃப் மாயா' 20 எனக்கு நிக்க மாட்டேங்குது. மூணாவது சுத்துல டிரம்ஸ் ஏதாவது பண்ணிடுறாரு, எண்ணிக்கை கைய விட்டு போயிருது. நாலு வருஷ மிருதங்கம் வீண்.

தீர்மானம்:
வீணில்ல. டிரம்ஸைப் புடிச்சு எண்ணாத, அவரு உன்னை வழி மாத்துறதுக்குன்னே வாசிக்கிறாரு. லெயர்டைப் புடி. மேல நாலு பேரும் எங்க பறந்தாலும் அந்த மனுஷன் எடத்தை விட்டு நகர மாட்டாரு. பேஸ் கையில இருக்குல்ல, கூடவே வாசி, வாயால எண்ணாத. ஒரு வாரம் கழிச்சு சொல்லு.