பெண்களுக்கென்று தனி விருது: வாங்கிக்கொள்வதா, வேண்டாம் என்பதா?

கேள்வி: ப்ளஸ் ஒன் டீச்சர்

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். ஒரு பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன்.

போன வாரம் எங்கள் பக்கத்தில் அறிவியல் கண்காட்சி. என் ப்ளஸ் ஒன் மாணவி ஒருத்தி, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை காட்டி செய்திருந்தாள். செருப்பு டப்பா, பழைய சி.டி., இரண்டு ஷேவிங் பிளேடை மயிரிழை விட்டு ஒட்டிய பிளவு. அவ்வளவுதான். ஸ்பிரிட் விளக்கின் திரியை உப்புத் தண்ணீரில் நனைத்துப் பற்ற வைத்து, டப்பாவின் ஓட்டையில் கண்ணை வைக்கச் சொல்வாள். பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு. "இது சோடியம் சார். சூரியன்லயும் இருக்கு, நம்ம சாம்பார்லயும் இருக்கு" என்று நடுவரிடம் சொன்னாள். நடுவர் சிரித்தார். ஓட்டையில் கண்ணை வைக்கவில்லை.

முதல் பரிசு சிரிஞ்சில் இயங்கும் ஜேசிபிக்குப் போனது. குறை சொல்லவில்லை, அது நன்றாகத்தான் மண் அள்ளியது. (வருடா வருடம் அள்ளுகிறது என்பது வேறு விஷயம்.) இவளுக்கு "சிறந்த மாணவி விஞ்ஞானி" என்று சிறப்புப் பரிசு: ஒரு சான்றிதழ், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். முதல் பரிசு வாங்கினால் அடுத்த கட்டப் போட்டிக்குப் போகலாம். சிறப்புப் பரிசுக்கு அடுத்த கட்டம் கிடையாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: "பொண்ணுங்களுக்குன்னு தனியா ஒண்ணு வெச்சிருக்கறது இதைக் குடுக்கறதுக்கா டீச்சர், இல்ல, அதைக் குடுக்காம இருக்கறதுக்கா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாலு நாள் ஆகிவிட்டது. பிப்ரவரி 11, அறிவியலில் பெண்களுக்கான சர்வதேச நாள் வேறு வருகிறது. பள்ளியில் பேச வேண்டியதும் நான்தான். மேரி க்யூரியில் தொடங்கி கல்பனா சாவ்லாவில் முடிக்கும் வழக்கமான பேச்சை இவள் முன்னால் பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்தக் கேள்வியை இதற்கு முன் யாராவது கேட்டிருக்கிறார்களா?

பதில்: மொட்டைமாடி டெலஸ்கோப்

கேட்டிருக்கிறார் டீச்சர். 1971-ல், மார்கரெட் பர்பிட்ஜ் என்ற அம்மா. நட்சத்திரங்களுக்குள் தனிமங்கள் எப்படிச் சமைகின்றன என்று 1957-ல் நான்கு பேர் எழுதிய பெரிய கட்டுரை ஒன்று உண்டு, அதில் முதல் பெயர் இவருடையது. அமெரிக்க வானியல் சங்கம் இவருக்கு ஆனி ஜம்ப் கேனன் விருதை அறிவித்தது. பெண் வானியலாளர்களுக்கு மட்டுமே தரப்படும் விருது. இவர் வேண்டாம் என்று எழுதிவிட்டார். பெண் என்பதற்காக ஒதுக்கித் தள்ளுவதும் போகட்டும், பெண் என்பதற்காகத் தனியாகக் கொடுப்பதும் போகட்டும், இரண்டையும் ஒழிக்க நேரமாகிவிட்டது என்பதுதான் கடிதத்தின் சாரம்.

அந்த அம்மா சும்மா முறைத்துக்கொள்ளும் ஆள் இல்லை. போர்க்காலத்தில் லண்டன் விளக்கை அணைத்துக்கொண்டு கிடந்தபோது, வானம் நன்றாக இருட்டியிருக்கிறது என்று தொலைநோக்கிக்குப் போனவர். 1944-ல் ஒரு ராத்திரி பக்கத்தில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் அவர் பார்த்துக்கொண்டிருந்த நட்சத்திரம் தொலைநோக்கியில் இருந்த நிறமாலை காட்டியின் பிளவை விட்டு நகர்ந்துவிட்டது. திரும்பப் பிடித்து வைத்து வேலையைத் தொடர்ந்தார். உங்கள் மாணவியிடம் இதைச் சொல்லுங்கள், பிளேடு பிளவின் அருமை அவளுக்குத்தான் தெரியும்.

அப்பேர்ப்பட்டவர் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் ஆய்வு செய்ய உதவித்தொகை கேட்டபோது, அது ஆண்களுக்கு மட்டும் என்று பதில் வந்தது. பிறகு 1955-ல் கணவர் ஜெஃப்ரிக்கு அங்கே இடம் கிடைக்க, அவருடைய உதவியாளர் என்ற பேரில் மார்கரெட் மலையேறினார். கணவரோ கோட்பாட்டு ஆள். ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்தது மனைவி. மற்ற வானியலாளர்களின் விடுதியில் இவர்களைச் சேர்க்கவில்லை, தள்ளி ஒரு சின்ன வீட்டில் குளிரில் கிடந்தார்கள். 1972-ல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்துக்கு இயக்குநர் ஆனார். 300 வருடமாக அந்த நாற்காலியோடு சேர்ந்தே வரும் பட்டம் அரச வானியலாளர். இவர் உட்கார்ந்ததும் பட்டத்தைப் பிரித்து மார்ட்டின் ரைல் என்ற வேறொரு வானியலாளருக்குக் கொடுத்தார்கள்.

மறுத்ததால் என்ன ஆனது? வானியலில் பெண்களின் நிலையைப் பற்றி ஆராய சங்கம் ஒரு குழு போட்டது. 1976-ல் அதே சங்கத்துக்கு முதல் பெண் தலைவராக வந்தார்.

ஆனால் ஒன்று, அந்த விருதுக்குப் பெயர் தந்த கேனன் அம்மாவை வில்லியாக்கிவிடாதீர்கள். காது கிட்டத்தட்ட கேட்காது அவருக்கு. ஹார்வர்டில் கண்ணாடித் தகடுகளில் பதிந்த குட்டிக் குட்டி நிறமாலைகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, இது ஏ, இது கே என்று எழுத்தைச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொள்வார். அப்படி வகைப்படுத்தியவை சுமார் 3,50,000 நட்சத்திரங்கள். உங்கள் பிள்ளை ஒரு கோட்டைப் பார்த்தாள், இவர் வாழ்நாள் முழுக்க அதையே பார்த்தார். ஹார்வர்ட் முறையான பதவி கொடுத்தது 1938-ல், அவருக்கு 74 வயதானபோது. 1932-ல் தனக்குப் பரிசாக வந்த 1000 டாலரை அப்படியே வானியல் சங்கத்துக்குக் கொடுத்து உண்டாக்கியதுதான் இந்த விருது. அந்த 1000 டாலர் வந்த கதை இன்னும் வேடிக்கை. பெண்களின் ஆராய்ச்சிக்குப் பணம் தந்துவந்த ஓர் அமைப்பு, 'சம வாய்ப்பு வந்துவிட்டது, இனி நாம் தேவையில்லை' என்று கடையைக் கட்டும்போது கொடுத்த கடைசிப் பரிசு அது!

1934-ல் முதல் கேனன் விருது செசிலியா பெய்னுக்கு. நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்று 1925-ல் ஆய்வேட்டில் கண்டுபிடித்தவர். ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் என்ற பெரிய மனிதர் இது நடக்காத காரியம் என்று சொல்ல, 'இது நிஜமாக இருக்க வாய்ப்பில்லை' என்று தன் கண்டுபிடிப்புக்கு எதிராகத் தானே ஒரு வரி சேர்த்தார். நாலு வருடம் கழித்து ரஸ்ஸலே அதே முடிவுக்கு வந்தார். சங்கத்தின் பெரிய கௌரவத்துக்கு அந்த ரஸ்ஸலின் பெயர்தான். அது பெய்னுக்குக் கிடைத்தது 1976-ல். சின்ன விருதுக்கும் பெரிய விருதுக்கும் நடுவில் 42 வருடம்.

பதில்: பழைய பேப்பர் கடை

வானத்தை அவர் பார்த்துக்கொண்டார், நான் தரைக்கு வருகிறேன் டீச்சரம்மா.

லண்டன் ராயல் புவியியல் கழகம் 1860-லேயே ஒரு பெண்ணுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. ஜேன் ஃப்ராங்க்ளின். வட துருவப் பக்கம் காணாமல் போன கணவரைத் தேடக் கப்பல் கப்பலாக அனுப்பிய அம்மா. பதக்கம் உண்டு, ஆனால் கழகத்தில் உறுப்பினராகப் பெண்களுக்கு இடமில்லை! 1892-ல் தொடங்கி, ஊர் ஊராகப் பயணம் போய் எழுதிய இசபெல்லா பேர்ட் உள்பட 22 பெண்களைச் சேர்த்தார்கள். உடனே உள்ளே பெரிய ரகளை. அடுத்த வருடமே கதவைச் சாத்திவிட்டார்கள். பெண்களின் பிறவியும் பயிற்சியும் தேசாந்திர ஆய்வுக்கு லாயக்கில்லை என்று பத்திரிகைக்கு எழுதியவர் யார் தெரியுமா? நம்ம கர்சன். பின்னால் வைஸ்ராயாக வந்து வங்காளத்தைப் பிரித்தாரே, அதே ஆள்தான். 1913-ல் அவரே கழகத் தலைவராக இருந்தபோதுதான் கதவு மறுபடி திறந்தது. மனசு மாறிவிட்டதாம்.

நியூயார்க்கில் எக்ஸ்ப்ளோரர்ஸ் க்ளப் 1904-ல் தொடங்கியது. அங்கேயும் பெண்களைச் சேர்க்கவில்லை. சரி, போங்கடா என்று 1925-ல் பெண் புவியியலாளர் சங்கம் என்று தனியாகவே ஆரம்பித்தார்கள். ஹேரியட் சாமர்ஸ் ஆடம்ஸ் முதல் தலைவர். விமானி அமீலியா இயர்ஹார்ட்டுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது இந்தச் சங்கம்தான். ஆண்கள் க்ளப் பெண்களை உள்ளே விட்டது 1981-ல். அப்போது நுழைந்தவர்களில் ஒருவர் கேத்ரின் சல்லிவன். அதற்கு மூன்று வருடம் முன்பே நாசா அவரை விண்வெளிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டது.

உங்கள் டிபன் பாக்ஸைப் படித்ததும் எனக்கு அந்த 1860 பதக்கம்தான் ஞாபகம் வந்தது.

பதில்: கட் ஆஃப்

திறமை இருந்தால் பொதுப் பரிசே கிடைக்குமே. தனியாக வைத்தால் 'பெண் என்பதால் கிடைத்தது' என்ற பேச்சுதான் மிச்சம். பர்பிட்ஜ் செய்ததுதான் சரி. எல்லோரும் மறுக்க வேண்டும்.

பதில்: பைப்பெட் அக்கா

கட் ஆஃப் தம்பி, திறமை இருந்தால் கிடைக்கும் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். 1901-லிருந்து 2025 வரை இயற்பியல் நோபல் வாங்கிய பெண்கள் ஐந்தே பேர். 1903-ல் க்யூரி, அப்புறம் 1963, அப்புறம் 2018. நடுவில் திறமை எங்கே தூங்கிக்கொண்டிருந்ததாம்? 1967-ல் பல்சர் என்ற, சீராகத் துடிக்கும் நட்சத்திரத்தின் முதல் துடிப்பைத் தாளில் கண்டவர் ஜோசலின் பெல். 1974 நோபல் அவருடைய வழிகாட்டி ஹ்யூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும். ஆமாம், மேலே பட்டம் வாங்கினாரே அதே ரைல். பெல்லுக்கு 2018-ல் வேறொரு பரிசாக 30 லட்சம் டாலர் வந்தது. ஒரு காசு எடுக்காமல், இயற்பியலில் வாய்ப்புக் குறைந்த பிரிவினர் முனைவர் பட்டம் படிக்க எழுதி வைத்துவிட்டார்.

1998-ல் லோரியல் நிறுவனமும் யுனெஸ்கோவும் சேர்ந்து ஆரம்பித்த பெண் விஞ்ஞானி விருதையும் பாருங்கள். 2008-ல் அதை வாங்கிய ஏடா யோனத்தும் எலிசபெத் பிளாக்பர்னும் அடுத்த வருடமே நோபல் வாங்கினார்கள். 2016-ல் வாங்கிய டவுட்னாவும் ஷார்பாந்தியேவும் 2020-ல். நோபல்காரர்கள் கண்ணைத் திறப்பதற்குள் இவர்கள் பார்த்துவிட்டார்கள். மேக்கப் சாமான் விற்கிற கம்பெனி கொடுப்பதில் எனக்கு ஒரு சின்ன நெருடல் உண்டுதான், ஆனால் ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

என் கதையையும் சொல்கிறேன். குழந்தை பிறந்து நாலு வருடம் ஆய்வகப் பக்கமே போகவில்லை. திரும்பி வந்தபோது பொது விண்ணப்பங்களில் எல்லாம் 'கடைசி மூன்று வருடக் கட்டுரைகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுத எனக்கு ஒன்றுமில்லை. இடைவெளி விழுந்த பெண்களுக்கென்றே இருந்த ஓர் உதவித்தொகைதான் என்னைச் சேர்த்துக்கொண்டது. 'லேடீஸ் கோட்டா' என்று ஒரு சக ஊழியர் காதுபடச் சொன்னார். வலித்தது. ஆனாலும் பைப்பெட்டைக் கையில் எடுத்தேன், செல்கள் வளர்ந்தன. அவற்றுக்குக் கோட்டா தெரியாது.

ஜெர்மனியில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், ஈக்களை ஆராய்ந்து 1995-ல் நோபல் வாங்கியவர், 2004-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். குழந்தை பெற்ற இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு வீட்டு வேலைக்கு ஆள் வைக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பணம். பாராட்டுப் பத்திரம் இல்லை, பாத்திரம் கழுவக் காசு! எனக்கு மேடையில் போர்த்தும் பொன்னாடையைவிட இது ஒசத்தி.

டீச்சர், பர்பிட்ஜ் மறுத்தபோது அவருக்கு 50 வயதைத் தாண்டிவிட்டது, பெயரும் வேலையும் இருந்தது. உங்கள் பிள்ளைக்குப் பதினாறு. அவளை மறுக்கச் சொல்லாதீர்கள். அந்த 'அடுத்த கட்டம்' ஏன் இல்லை என்று நீங்கள் கேளுங்கள். ஒரு கடிதம் போதும்.

ப்ளஸ் ஒன் டீச்சர் (கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. மொத்தத்தையும் பிரிண்ட் எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டேன். கர்சனைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். பெய்ன் தனக்கு எதிராகத் தானே எழுதிய வரியில் மட்டும் பேனாவால் அடிக்கோடு போட்டிருந்தாள். "இவங்க ஏன் டீச்சர் எழுதினாங்க?" என்று கேட்டாள். இதற்கும் ஒரு நாள் தவணை கேட்டிருக்கிறேன்.

சிறப்புப் பரிசு பெற்றவர்களையும் அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கடிதம் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். வாசித்துவிட்டு, நடுவர் அந்த டப்பாவுக்குள் பார்த்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அதையும் எழுதுங்கள் என்றார். எழுதினேன்.

டிபன் பாக்ஸை அவள் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. இப்போது லேபில் ஸ்பிரிட் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேல் தட்டில் உப்பு, கீழே திரி.