முற்படா வரம்பு: நாணயம் தரும் காலக்கணிப்புக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

ஒரு மண்ணடுக்கு எந்தக் காலத்துக்கு முன் படிந்திருக்க முடியாதோ, அந்தக் கால எல்லையைக் குறிக்க அகழாய்வில் வழங்கும் 'டெர்மினஸ் போஸ்ட் குவெம்' என்ற இலத்தீன் தொடருக்கு 'முற்படா வரம்பு' என்பதை முன்மொழிகிறேன். 'நாணயக் காலம்' என்று எழுதிவிட்டால் என்ன பிழை நேரும் என்பதைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், கியூப்பிட்ஸ் என்னும் ஊரில் 2021இல் கிடைத்த வெள்ளி நாணயம் நன்றாகக் காட்டுகிறது.

இரண்டு பென்னி மதிப்புள்ள அந்த அரை குரோட் (குரோட் என்பது நான்கு பென்னி வெள்ளிக் காசு), இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றியின் ஆட்சியில், 1493க்கும் 1499க்கும் இடையே கேன்டர்பரியில் அச்சடிக்கப்பட்டது. ஆனால் அது கிடைத்த ஆங்கிலேயக் குடியேற்றத்தை ஜான் கை நிறுவியது 1610இல்தான். அதே குடியேற்றத்தில் 2001இல் கிடைத்த முதலாம் எலிசபெத்தின் குரோட்டும் 1560 அல்லது 1561இல் வெளியானது. நாணயத்தின் மதிப்பு அதிலிருந்த வெள்ளியைப் பொறுத்திருந்ததால், அரசர்கள் மாறிய பிறகும் பழைய காசுகள் புழக்கத்தில் நீடித்தன. ஆவணங்கள் அழிந்து, அரை குரோட் மட்டுமே எஞ்சியிருந்தால், அச்சடித்த ஆண்டையே குடியேற்றத்தின் ஆண்டாகக் கொள்பவர் இங்கிலாந்திலிருந்து வட அமெரிக்கக் கரையை அடைந்த ஜான் கபோட்டின் 1497ஆம் ஆண்டுக் கடற்பயணத்துக்கும் முன்பே அங்கு ஆங்கிலேயர் வாழ்ந்ததாக எழுதிவிடக்கூடும். நாணயம் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: அது கிடந்த மண்ணடுக்கு, நாணயம் அச்சடிக்கப்பட்ட காலத்துக்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

இந்தத் தொடருக்குக் 'கீழெல்லை' என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. சங்க காலத்தைப் பற்றி எழுதுவோர் பழைய முனையை மேலெல்லை என்றும் பிந்திய முனையைக் கீழெல்லை என்றும் வழங்குகின்றனர். கணிதத்திலோ சிறிய எண்தான் கீழெல்லை. மேலும், அகழாய்வு அறிக்கையில் கீழடுக்கு, மேலடுக்கு என்ற சொற்களும் அடுத்தடுத்து வரும் என்பதால் குழப்பம் இரட்டிக்கும். 'முன்னெல்லை' என்பதிலும் 'முன்' காலத்தைக் குறிக்கிறதா, இடத்தைக் குறிக்கிறதா என்ற ஐயம் எழும்.

'காலத்தால் முற்பட்டது', 'பிற்பட்டது' என்பன நம் வரலாற்று நடையில் ஏற்கெனவே வேரூன்றியவை. அவற்றின் எதிர்மறைப் பெயரெச்சங்களைக் கொண்டால் 'முற்படா வரம்பு' என்பதும், அதன் இணையாக, எந்தக் காலத்துக்குப் பின் படிந்திருக்க முடியாதோ அதைக் குறிக்கும் 'டெர்மினஸ் அன்டே குவெம்' என்பதற்குப் 'பிற்படா வரம்பு' என்பதும் இயல்பாகவே அமைகின்றன.

கலைச்சொல் பதிவில் விளக்கத்தை இவ்வாறு அமைக்கலாம்: "முற்படா வரம்பு: பிற்காலத்தில் கிளறப்படாத மண்ணடுக்கு ஒன்றில் கிடைத்த, காலம் அறியப்பட்ட பொருள்களுள் மிகப் பிந்தியது உருவான காலம், அவ்வடுக்கு அதற்கு முன் படிந்திருக்க இயலாது." 'மிகப் பிந்தியது' என்பதை விட்டுவிடக் கூடாது, மேற்கண்ட இரண்டு காசுகளும் ஒரே அடுக்கில் கிடைத்திருந்தால், வரம்பாக அமைவது எலிசபெத்தின் காசே.