புதுப்பிப்பு: 100 ஜிபி வட்டில் மெட்டாடேட்டா ஏன் ஊதியது

காலி கியூகவ்2 வட்டே (மெய்நிகர் கணினிக்கான வட்டுக் கோப்பு, qcow2) இவ்வளவு இடம் பிடிக்குதே என்று போன வாரம் கேட்டிருந்தேன். கிளஸ்டர் (வட்டு பிரிக்கப்படும் சிறு துண்டு) அளவைப் பாருங்கன்னு சொன்ன அண்ணாச்சிக்கு நன்றி, காரணம் அதேதான்.

ஒவ்வொரு கிளஸ்டருக்கும் அது கோப்பில் எங்கே இருக்கு என்று குறிக்கும் எல்2 அட்டவணையில் 8 பைட், எத்தனை முறை பயன்படுகிறது என்ற எண்ணிக்கையான ரெஃப்கவுண்ட்டுக்கு 2 பைட் போகும். இந்தக் கணக்குத் தகவல்தான் மெட்டாடேட்டா; கிளஸ்டர் சின்னதானால் எண்ணிக்கை கூடி, இதுவும் கூடும். நான் வைத்திருந்தது 4 கேபி கிளஸ்டர். நேற்று ராத்திரி பாளையங்கோட்டை வீட்டில் உட்கார்ந்து, மெட்டாடேட்டாவை மட்டும் முன்கூட்டியே ஒதுக்கி இரண்டு காலி வட்டு உருவாக்கினேன். பிடித்த இடத்தைக் காட்டும் டியூ (du) கட்டளையில் 4 கேபி வட்டு சுமார் 250 எம்பி. இயல்பான 64 கேபி வட்டு வெறும் 16 எம்பி! திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், மாறவில்லை.

சின்ன கிளஸ்டரைக் குறை சொல்லவும் முடியாது. பேக்கிங் கோப்பு (வட்டுக்கு அடிப்படையாக இருக்கும் மூலக் கோப்பு) இருந்தால், கொஞ்சம் தரவு எழுதும்போது அதிலிருந்து 64 கேபி நகலெடுக்கும் வேலை மிச்சம். எனக்கு அது தேவையில்லை. கன்வெர்ட் செய்து 64 கேபிக்கே மாற்றிவிட்டேன்.