அவசர உதவி: மொஹிடோ கசக்கிறது, ஏன்?

அரைகுறை_சமையல் (சனி, மாலை 6:10)
8 மணிக்கு ஆட்கள் வருகிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள். வீட்டில் மொஹிடோ போட்டேன். ரம், புதினா, எலுமிச்சை, சர்க்கரை, சோடா எல்லாம் அளவாகத்தான். ஆனால் வேப்பங்கொழுந்து கடித்த மாதிரி கசக்கிறது. சர்க்கரையைக் கூட்டினால் இனிப்பும் கசப்புமாகி இன்னும் மோசம். என்ன தப்பு?

மாடித்தோட்டம் (6:18)
அளவாக என்றால் எவ்வளவு? என்ன ரம்? புதினாவை என்ன செய்தீர்கள்?

தேங்காய்ப்பத்தை (6:20)
மிக்ஸியில் போட்டீர்களா? போட்டிருந்தால் மேலே படிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

பீப்பாய்_பெரியவர் (6:31)
மாதம் இரண்டு தடவை வரும் கேள்வி. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது, சரி. சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் அளவு: வெள்ளை ரம் 45 மிலி, அப்போது பிழிந்த சாறு 20 மிலி, சர்க்கரை 2 டீஸ்பூன், புதினா 6 கொத்து, மேலே சோடா. வாசனை எண்ணெய் இலையின் மேல்தோலில்தான் இருக்கிறது. சர்க்கரையோடும் சாறோடும் சேர்த்து மெல்ல அமுக்கினாலே வந்துவிடும். இலை கிழிந்தால் பச்சைச் சாறு இறங்கும், கசக்கும். சட்னி அரைக்கும் வேலை இல்லை இது.

அரைகுறை_சமையல் (6:40)
வெள்ளை ரம்தான், 60 மிலி. மிக்ஸி இல்லை. இடிகல்லில் நாலு தட்டு, காம்போடு.

தேங்காய்ப்பத்தை (6:42)
பூண்டு தட்டுகிற அதே இடிகல்லா? 😄

மாடித்தோட்டம் (6:49)
காம்புதான் காரணம், சந்தேகமே வேண்டாம். பூ விட்ட செடியில் பறித்திருந்தால் இன்னும் மோசம். நுனிக் கொழுந்தை மட்டும் கிள்ளுங்கள். கியூபாவில் இதற்குப் போடுவது யெர்பா புவெனா என்ற மென்மையான புதினா வகை. நான் மாடியில் திருநீற்றுப்பச்சிலை வளர்க்கிறேன், புதினாவோடு அதில் நாலு இலை போட்டால் மணமே வேறு.

ரசம்_பிரியன் (6:55)
துளசி போடலாமா?

தேங்காய்ப்பத்தை (6:56)
போடலாம். பெருமாள் கோவில் தீர்த்தம் மாதிரி இருக்கும்.

ரசம்_பிரியன் (7:02)
எனக்கு எலுமிச்சை மேல்தான் சந்தேகம். பழத்தைத் தோலோடு நசுக்கினால் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். விதை நசுங்கினாலும் அப்படித்தான். அது போகட்டும், ஓல்டு மாங்க் ஊற்றிப் பாருங்கள், அதன் வெனிலா வாசத்தில் எந்தக் கசப்பும் தெரியாது.

பீப்பாய்_பெரியவர் (7:10)
கறுப்பு ரம்மில் மொஹிடோ என்பது டிகாக்‌ஷனில் மோர் கலப்பது போல. ஹவானாவில் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். எழுத்தாளர் ஹெமிங்வே அங்கே லா போதெகீதா பாரில் உட்கார்ந்து குடித்தது வெள்ளை ரம்.

தேங்காய்ப்பத்தை (7:15)
அந்தக் கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது ஹெமிங்வே கையெழுத்தே இல்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர் டைக்கிரி ஆள், அதாவது புதினாவும் சோடாவும் இல்லாத ரம், எலுமிச்சை, சர்க்கரைக் கலவை. எல் ஃப்ளோரிதீத்தா பாரில் அவருக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்.

ரசம்_பிரியன் (7:19)
கியூபா ரம்தான் வேண்டும் என்றால் பக்கார்டியை என்ன செய்வது? 1862-இல் சாண்டியாகோ டி கியூபாவில் தொடங்கிய நிறுவனம், 1960-இல் சொத்தைக் காஸ்ட்ரோ அரசு எடுத்துக்கொண்டது. அந்த பாட்டில் இன்று கியூபாவா, இல்லையா?

பீப்பாய்_பெரியவர் (7:24)
நான் பேசியது நிறத்தைப் பற்றி, தேசத்தைப் பற்றி இல்லை.

ரசம்_பிரியன் (7:26)
ஹவானாவை இழுத்தது யார்?

அரைகுறை_சமையல் (8:35)
காம்பு கிள்ளி, கொழுந்தை உள்ளங்கையில் வைத்து ஒரே தட்டு. விதை, தோல் எதுவும் இல்லை. இப்போதும் அதே கசப்பு. வந்தவர்கள் ரம்மைக் கோக்கில் ஊற்றிக் குடிக்கிறார்கள்.

தேங்காய்ப்பத்தை (8:41)
அப்படியானால் புதினாவை விடுங்கள். ஒவ்வொன்றையும் தனியாக ஒரு வாய் குடித்துப் பாருங்கள். சோடா பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது?

பீப்பாய்_பெரியவர் (8:50)
சோடாவில் என்ன இருக்கப் போகிறது? இன்னும் அழுத்தித்தான் தட்டியிருப்பார்.

மாடித்தோட்டம் (8:58)
கடையில் வாங்கிய புதினா என்றால் எத்தனை நாள் பழசு?

அரைகுறை_சமையல் (ஞாயிறு, காலை 10:20)
டானிக் வாட்டர் என்று இருக்கிறது. சோடா தீர்ந்துவிட்டது என்று கடையில் இதைக் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று வாங்கினேன். நன்றி.

தேங்காய்ப்பத்தை (10:27)
ஒன்று இல்லை சார்! அதில் குயினைன் இருக்கிறது, மலேரியாவுக்குக் கொடுத்தார்களே, அதே கசப்பு. வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் ஜின்னைக் கலந்து விழுங்கியது அதனால்தான். சந்தேகம் இருந்தால் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை பாட்டிலில் அடியுங்கள், நீலமாக ஒளிரும். இன்று வெறும் சோடாவில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

பீப்பாய்_பெரியவர் (10:45)
முதல் பதிவில் சோடா என்று எழுதியிருந்தார். நான் சொன்ன முறையில் தவறில்லை.

மாடித்தோட்டம் (11:02)
சோடா கிடைத்தாலும் காம்பைக் கிள்ளிவிட்டே போடுங்கள்.

ரசம்_பிரியன் (11:30)
பெரியவர் இன்னும் பக்கார்டிக்குப் பதில் சொல்லவில்லை.